மூப்பில் தோன்றும் காதலும் மெய்ம்மைத் தொலைக்காட்சியும்: பெருந்திணை நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி நிலையம் 2023 செப்டம்பர் 28ஆம் நாள் ‘தி கோல்டன் பேச்சிலர்’ என்னும் தொடரைத் தொடங்கியது. மனைவியை இழந்த 72 வயதுடைய ஜெர்ரி டர்னர் என்பார், 60 முதல் 75 வயது வரையிலான 22 பெண்களுள் ஒருவரைத் துணைவியாகத் தேர்ந்தெடுப்பதே அத்தொடரின் பொருள். நவம்பர் 30ஆம் நாள் ஒளியேறிய இறுதிப் பகுதியில் அவர் கணவரை இழந்த தெரேசா நிஸ்ட் என்பாரைத் தேர்ந்தார். 2024 ஜனவரி 4ஆம் நாள் அவர்கள் திருமணம் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. ஏப்ரல் 12ஆம் நாள் இருவரும் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றித் தாம் மணமுறிவு பெறவிருப்பதாக அறிவித்தனர். மணநாளுக்கும் அவ்வறிவிப்புக்கும் இடைப்பட்ட காலம் 99 நாள்.

இந்நிகழ்வைக் கேலிக்குரிய செய்தியாகக் கொண்டு கடந்தவர் பலர். முதியோர் காதல் இப்படித்தான் முடியும் என்றனர் சிலர். தொலைக்காட்சிக் காதல் இப்படித்தான் முடியும் என்றனர் வேறு சிலர். இவ்விரு கருத்தும் நமக்கு உடன்பாடல்ல. மணமுறிவுக்கு அவ்விருவர் கூறிய காரணம் அன்பின்மை அன்று. ஒருவர் இந்தியானா மாநிலத்தில் வாழ்ந்தார். மற்றவர் நியூ ஜெர்சியில் வாழ்ந்தார். மக்களையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு இடம்பெயர இருவராலும் இயலவில்லை. எங்கு வாழ்வது என்னும் வினாவிலேயே அம்மணம் முறிந்தது. தொடரின் பகுதிகளில் நடுநாயகமாக நின்றிருக்க வேண்டிய வினா அதுவே. அது ஏன் திரைக்கு வெளியே நின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரியாலிட்டி ஷோ எனப் பரவலாக வழங்கும் மெய்ம்மை நிகழ்ச்சியை ஆராயத் தமிழ் இலக்கண மரபு எதற்கு என்னும் ஐயம் எழலாம். காதலைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் யார் பேசலாம், யாரிடம் பேசலாம் என வரையறுத்தது நம் அகமரபு. மெய்ம்மை நிகழ்ச்சியும் காதலைக் கட்டங்களாகப் பகுத்தே காட்டுகிறது. எனவே இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் பொருந்தும். இந்நோக்கினால் கிடைக்கும் முடிவு கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் நம் முதியோர்க்கும் உரியது என்பதைக் கட்டுரையின் இறுதிப் பகுதி காட்டும்.

தொல்காப்பியர் வகுத்த இடம்

தொல்காப்பிய அகத்திணையியல், ஒத்த அன்புடைய இளையோரின் காதலை ஐந்திணையாகவும், ஒருதலைக் காதலைக் கைக்கிளையாகவும், பொருந்தாக் காதலைப் பெருந்திணையாகவும் வகுக்கிறது. பெருந்திணைக்குரியனவாக அது கூறும் நான்கனுள் ஒன்று இளமை நீங்கியபின் நிகழும் காதல். இதற்கு உரைகண்ட இளம்பூரணர் மூன்று வகை கூறுகிறார். ஆண் முதியவனாகவும் பெண் இளையவளாகவும் இருத்தல் ஒன்று. பெண் முதியவளாகவும் ஆண் இளையவனாகவும் இருத்தல் மற்றொன்று. இருவருமே இளமை கடந்த நிலையில் அறத்தை நாட வேண்டிய மனம் காமத்தை நாடுதல் மூன்றாவது.

இம்மூன்றாவது வகையே நம் கவனத்திற்குரியது. முதலிரண்டில் வயது ஒவ்வாமை உண்டு. ஆதலின் பொருந்தாமை வெளிப்படை. மூன்றாவதில் இருவரும் ஒத்த வயதினர்; ஒத்த அன்பினராகவும் இருத்தல் கூடும். ஆயினும் அது பெருந்திணையிலேயே வைக்கப்படுகிறது. இங்குப் பொருந்தாமை ஒருவர்க்கு மற்றவரோடு உள்ளதன்று. காதலுக்கும் பருவத்துக்கும் இடையே உள்ளது. முதியோர் மறுமணத்தைக் கேட்டவுடன் இன்றும் பலர் முகம் சுளிப்பதன் வேர் இங்கே உள்ளது எனலாம்.

இதனோடு இணைத்து நோக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. புறத்திணையியல் பெருந்திணைக்குப் புறனாகக் காஞ்சித்திணையை வைக்கிறது. நிலையாமையைப் பொருளாகக் கொண்ட அக்காஞ்சியில்தான் மனைவியை இழந்த கணவனின் தபுதார நிலையும், கணவனை இழந்த மனைவியின் தாபத நிலையும் இடம்பெறுகின்றன. அகத்தில் இளமை கடந்த காதல், புறத்தில் துணையை இழந்த துயரம் என இரண்டும் ஒன்றுக்கொன்று இணையான இடங்களில் அமைந்துள்ளன. தொல்காப்பியர் இவ்விரண்டையும் தொடர்புபடுத்தவே இவ்வாறு அமைத்தார் என்று நாம் துணியவில்லை. எனினும் மூப்பின் காதல் பெரும்பாலும் இழப்பின் மறுபக்கமாகவே தோன்றுகிறது என்பதை இவ்வமைப்பு நமக்கு நினைவூட்டுகிறது. ‘தி கோல்டன் பேச்சிலர்’ தொடரில் பங்கேற்ற பெண்களுட் பலர் மறைந்த கணவரைப் பற்றியே முதலில் பேசினர். டர்னரும் 43 ஆண்டு உடன்வாழ்ந்து 2017இல் மறைந்த மனைவியைப் பற்றிப் பேசியே பார்வையாளரின் நெஞ்சில் இடம்பெற்றார். ஒருவர் மற்றவரின் இழப்பைக் கேட்டு மதித்த அக்காட்சிகளே தொடரின் சிறந்த பகுதிகள். இளையோர் பங்கேற்கும் காதல் நிகழ்ச்சிகளில் காணவியலாத கனிவு அவற்றில் இருந்தது.

களவு மட்டுமே காட்டப்படுதல்

அகமரபு காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுக்கிறது. கற்பு என்னும் சொல்லை இங்கு இலக்கணப் பொருளிலேயே ஆள்கிறோம். பிறரறிய மணந்தபின் நடைபெறும் இல்வாழ்க்கையே அது. களவில் காதலர் இருவரும் அவர்க்கு உதவும் தோழியுமே முதன்மையானவர். கற்பிலோ வீடு, விருந்து, சுற்றம், மக்கள் எனப் பலவும் வந்து சேர்கின்றன.

மெய்ம்மை நிகழ்ச்சி களவை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. காதலர் தம் அன்றாட இடங்களிலிருந்து பிரிக்கப்பட்டு அழகிய மாளிகை ஒன்றில் குடியமர்த்தப்படுகின்றனர். கடற்கரை, தோட்டம், விருந்தறை ஆகியன அவர்தம் சந்திப்புக்குரிய இடங்களாகின்றன. அடுப்பங்கரை, மருந்துப் பெட்டி, மாதக் கட்டணச் சீட்டு ஆகியவற்றுக்கு அங்கு இடமில்லை. ரோஜா மலர் பெறுவோர் எஞ்சுவர், பெறாதோர் வெளியேறுவர். மோதிரம் அணிவித்தலோடு கதை முடியும். இளையோர்க்கென 2002ஆம் ஆண்டு ‘தி பேச்சிலர்’ என்னும் பெயரில் வகுக்கப்பட்ட இவ்வமைப்பு ஏறத்தாழ மாற்றமின்றி முதியோர்க்கும் பொருத்தப்பட்டது.

குறை இங்கேதான் உள்ளது. இளையோர் காதலில் களவு முந்தியும் கற்பு பிந்தியும் வருவது இயல்பு. வீட்டை அவர்கள் இனிமேல்தான் அமைக்க வேண்டும். முதியோர் ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஓர் இல்வாழ்க்கையை முழுதாக வாழ்ந்தவர். வீடு உண்டு, மக்கள் உண்டு, மறைந்தவரின் நிழற்படம் மாட்டிய சுவர் உண்டு. அவர்கள் காதலில் களவும் கற்பும் ஒருங்கே தொடங்குகின்றன. எங்கு வாழ்வோம், யார் வீட்டுக்கு யார் வருவது, நோயுற்றால் யார் பார்ப்பது, மக்கள் எவ்வாறு அழைப்பர் என்பன காதலுக்குப் பின் எழும் வினாக்கள் அல்ல. அவையே காதலின் உள்ளடக்கம். இவற்றை ஒதுக்கிவிட்டு அவர்களை இருபது வயதினர் போல் நடத்திய நிகழ்ச்சி அவர்களைப் பெருமைப்படுத்தியதாகத் தோன்றினும், உண்மையில் அவர்கள் வாழ்ந்த வாழ்வைப் பொருட்படுத்தவில்லை. 99 நாளில் வெளிப்பட்டது இக்குறையே.

இன்னொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. அன்பின் ஐந்திணையில் காதலரின் பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது மரபு. பெயர் சுட்டப்படின் அது புறத்தின்பாற்படும். பெயரின்மையால் அக்காதல் எல்லார்க்கும் உரியதாகிறது. காதலர்க்கும் ஒரு காப்பு அமைகிறது. மெய்ம்மை நிகழ்ச்சியில் பெயர், ஊர், மறைந்த துணையின் பெயர், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் அறிவிக்கப்படுகின்றன. இறுதிச் சுற்றில் விலக்கப்பட்ட பெண்ணின் கண்ணீரும் அப்பெயரோடு சேர்த்தே உலகுக்குக் காட்டப்பட்டது. அகம் புறமாகும்போது தோல்வியும் பொதுச்சொத்தாகிவிடுகிறது. இளையவர்க்கு அதனை மறக்கச் செய்யும் காலம் முன்னே உள்ளது. எழுபது வயதினர்க்கு அவ்வளவு காலம் இல்லை என்பதை இந்நிகழ்ச்சியைப் படைப்போர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தலைகீழாகும் அறத்தொடு நிற்றல்

களவிலிருந்து கற்புக்குச் செல்லும் வழியாக அகமரபு கூறுவது அறத்தொடு நிற்றல். தலைவி தன் காதலைத் தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் உடன்பிறந்தார்க்கும் உணர்த்துவர். இளையோர் காதல் முதியோரின் ஏற்பைப் பெறும் படிநிலை இது.

முதியோர் காதலில் இப்படிநிலை அப்படியே தலைகீழாகிறது. பெற்றோர் தம் காதலை மக்கட்கு உணர்த்தி அவர்தம் ஏற்பை வேண்டி நிற்கின்றனர். ‘தி கோல்டன் பேச்சிலர்’ தொடரில் இறுதி மூவரின் இல்லங்களுக்கு டர்னர் செல்லும் பகுதி இதற்குச் சான்று. வளர்ந்த மக்கள் அவரைச் சூழ்ந்தமர்ந்து, எம் தாயை வருத்தமாட்டீரே என வினவுகின்றனர். பெண்பார்க்கும் சடங்கில் பெற்றோர் வினவும் வினா இங்கு மக்களின் வாயில் வருகிறது.

2023 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவி ஒளிபரப்பிய ‘மை மம், யுவர் டேட்’ நிகழ்ச்சி இத்தலைகீழ் நிலையையே தன் அமைப்பாகக் கொண்டது. டேவினா மெக்கால் நெறியாண்ட அந்நிகழ்ச்சிக்குத் தனித்து வாழும் தாயை அல்லது தந்தையைப் பரிந்துரைப்பவர் அவர்தம் மக்களே. பெற்றோர் ஒரு மாளிகையில் பழகுவதை மக்கள் மற்றோர் அறையிலிருந்து திரையில் கண்காணிக்கின்றனர். யார் யாரோடு வெளியே செல்லலாம் என்பதிலும் அவர்கள் கை உண்டு. மக்கள் அங்கே தோழியாகவும் செவிலியாகவும் ஒருங்கே இயங்குகின்றனர். தோழியாக நின்று கூட்டுவிக்கின்றனர். செவிலியாக நின்று காவல் செய்கின்றனர்.

இந்நிகழ்ச்சி நகைச்சுவைக்காக வகுத்த ஏற்பாடு, முதியோர் மறுமணத்தின் உண்மையான அரங்கு எது என்பதைச் சரியாகவே இனங்கண்டது. அரங்கு கடற்கரையன்று, மக்கள் அமர்ந்திருக்கும் அறையே. ஆனால் அந்நிகழ்ச்சியும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. மக்கள் வேண்டுமென்றே முன்வந்து பெற்றோரைப் பரிந்துரைத்தவர்கள். மறுக்கும் மகன், பேசாதிருக்கும் மகள், சொத்தை எண்ணி அஞ்சும் மருமகன் ஆகியோர் அங்கு இல்லை. ஏற்பு முன்னரே உறுதியானபின் ஏற்பைத் தேடும் காட்சியில் நாடகம் ஏது? மேலும், அறிவும் பட்டறிவும் நிறைந்த ஒருவர் தம் மக்களின் இசைவைப் பெற்றே காதலிக்க வேண்டும் என்னும் கருத்தை இத்தகைய காட்சிகள் கேள்வியின்றி நிலைநிறுத்துகின்றன. இசைவு வேறு, கலந்துரையாடல் வேறு. முதலாவது முதியவரைச் சிறாராக்கும். இரண்டாவது அவரை மதிக்கும்.

தபுதாரமும் தாபதமும்

மேற்குறித்த இரு காஞ்சித் துறைகளின் பெயர்களே ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுகின்றன. தபுதாரம் என்பது தாரத்தை இழந்தமையை மட்டும் சுட்டும். தாபதம் என்பதோ தவத்தைச் சுட்டும். மனைவியை இழந்தவன் இழந்தவன் மட்டுமே. கணவனை இழந்தவள் நோன்பி. புறநானூற்றின் 248, 249, 250ஆம் பாடல்கள் தாபத நிலைத் துறையில் அமைந்தவை. அல்லியரிசி உண்டு நாள்கழிக்கும் பெண்ணை அவற்றுள் காண்கிறோம். நோன்பிருக்கும் ஆண் அங்கு இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்த இலக்கியமும் இவ்வேறுபாட்டை முழுமையாகக் களையவில்லை. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ (1903) கைம்பெண் மறுமணத்தைத் துணிவோடு பேசிய நாவல். ஆயின் அதன் தலைவி இளம்பெண். சிறுவயதில் மணமுடித்துச் சிறுவயதிலேயே கணவனை இழந்தோர்க்காகவே அக்காலச் சீர்திருத்தக் குரல் பெரிதும் எழுந்தது. வாழ்வையே காணாத பெண்ணுக்கு வாழ்வு வேண்டும் என்பது அதன் வாதம். அவ்வாதம் நியாயமானது, அக்காலத்திற்குத் தேவையானதும் ஆகும். ஆனால் வாழ்ந்து முடித்தவளாகக் கருதப்படும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்ணுக்கு அவ்வாதத்தில் இடமில்லை. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்தையும் மணமுறிவு உரிமையையும் வயது குறியாது முன்வைத்தமை இவ்வகையில் ஒரு முன்னேற்றம். அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததும், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும் இக்கருத்துகளை இம்மண்ணுக்குக் கொணர்ந்தன.

தொலைக்காட்சியில் இவ்வேறுபாடு புதிய வடிவில் தொடர்கிறது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டு என்டிடிவி இமாஜின் ஒளிபரப்பிய சுயம்வரத் தொடரில் மணமகனாகத் தோன்றிய ராகுல் மகாஜன் முன்னரே மணமுறிவு பெற்றவர். அத்தொடர் அவரை மாப்பிள்ளையாகவே கொண்டாடியது. அது அவர்க்கு மறுமணம் என்பது தொடரின் பொருளாகவில்லை. அமெரிக்கத் தொடரிலும் முதல் வாய்ப்பு ஆணுக்கே கிடைத்தது. பெண்ணை நடுவில் நிறுத்திய ‘தி கோல்டன் பேச்சிலரெட்’ அதன் பின்னர் 2024 செப்டம்பரிலேயே வந்தது. அதில் 61 வயதுடைய ஜோன் வாசோஸ் தேர்வு செய்பவராக அமர்ந்தார். 2025ஆம் ஆண்டின் அடுத்த ஆண் தொடர்க்குத் தேர்வான 66 வயதுடைய மெல் ஓவன்ஸ், 60 வயதைக் கடந்த பெண்களை விலக்கிவிடுவேன் என ஒரு வலையொலியில் கூறியதும், அக்கூற்று கண்டனத்துக்குள்ளானதும் செய்தியாயின. முதியோர் காதலைப் போற்றுவதாகக் கூறும் அமைப்புக்குள்ளும் முதிய பெண் இன்னும் வாயிற்படியில்தான் நிற்கிறாள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனினும் நடுநிலையோடு ஒன்றைக் கூறியாக வேண்டும். 60 முதல் 75 வயது வரையிலான 22 பெண்கள் முதன்மை ஒளிபரப்பு நேரத்தில் விரும்பவும் விரும்பப்படவும் தக்கவராகத் தோன்றியமை சிறிய செய்தியன்று. தொலைக்காட்சியில் அவ்வயதுப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைப்பது மாமியார் வேடமே. அதனை உடைத்தமைக்காக அத்தொடர்க்கு நம் பாராட்டு உண்டு.

தமிழ்த்திரை தரும் விடை

தமிழ்த்திரை இப்பொருளை எவ்வாறு கையாள்கிறது? 2017இல் வெளிவந்த, தனுஷ் இயக்கிய ‘ப. பாண்டி’ திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். மனைவியை இழந்து மகன் வீட்டில் வாழும் முதியவர், தம் முதற்காதலியைத் தேடி மோட்டார் சைக்கிளில் ஐதராபாத்துக்குச் செல்கிறார். ராஜ்கிரணும் ரேவதியும் முதியோராக நடித்துள்ளனர். முதியோரின் தனிமையைக் கேலியின்றிக் காட்டிய படம் இது. தந்தையைத் தன் ஒழுங்குக்குள் அடக்க முனையும் மகனையும் அது நேர்மையோடு வரைந்தது.

ஆயினும் அக்காதல் எவ்வாறு ஏற்புடையதாக்கப்படுகிறது என்பதை நோக்க வேண்டும். அது புதிய காதலன்று. இளமையில் தொடங்கி இடையில் அறுந்த காதல். இளமைக் காட்சிகள் படத்தில் விரிவாக இடம்பெறுகின்றன. இதனால் முதியோரின் காதல் பெருந்திணையிலிருந்து மீட்கப்பட்டு ஐந்திணையின் எச்சமாக மாற்றப்படுகிறது. அறுபதைக் கடந்தவர் புதிதாக ஒருவரைக் கண்டு விரும்பலாம் என்று சொல்ல அப்படமும் தயங்குகிறது எனலாம்.

மெய்ம்மை நிகழ்ச்சி வகையில் இதற்கு மாறான ஒன்றாக ஆமிர் கானின் ‘சத்யமேவ ஜெயதே’ உரையாடல் தொடரைக் குறிப்பிடலாம். 2012ஆம் ஆண்டு ஒளிபரப்பான அத்தொடர் தமிழிலும் விஜய் தொலைக்காட்சி வழி வந்தது. அவ்வாண்டு ஜூலையில் முதுமையைப் பொருளாகக் கொண்ட அதன் பகுதி முதியோர் மறுமணத்தையும் பேசியது. 2001ஆம் ஆண்டுக் குஜராத் நிலநடுக்கத்திற்குப் பின் துணையிழந்தோரைக் கருதி அகமதாபாத்தில் முதியோர்க்கான இணைதேடும் பணியைக் கட்டணமின்றி நடத்திவரும் நட்டுபாய் பட்டேலின் முயற்சி அதில் எடுத்துக்காட்டப்பட்டது. அங்கே போட்டி இல்லை, ரோஜா இல்லை, விலக்கப்படுவோரும் இல்லை. தனிமை ஒரு சமூகச் சிக்கல் என்னும் கோணத்தில் மணம் பேசப்பட்டது. அமெரிக்கத் தொடர் காதலைக் காட்டி வீட்டை மறைத்தது என்றால், இந்நிகழ்ச்சி தேவையைக் காட்டிக் காதலை அடக்கிப் பேசியது. துணை வேண்டும் என்று கூறும் முதியவரை நாம் ஏற்கிறோம். காதல் வேண்டும் என்று கூறுபவரை ஏற்கத் தயங்குகிறோம். முன்னது அறத்தின்பாற்பட்டதாகவும் பின்னது காமத்தின்பாற்பட்டதாகவும் தோன்றுவதே காரணம். இளம்பூரணர் கூறிய பாகுபாடு இன்றும் நம் மனத்தில் இயங்குவதை இதனால் அறியலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வினா

பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் திருமணத்திற்கு வேண்டிய பட்டு, பூமாலை, தாலி, தாம்பூலத்தட்டு அனைத்தும் கிடைக்கின்றன. அவை அனைத்தும் இளம் மணமக்களை மனத்திற்கொண்டு அடுக்கப்பட்டவை. அவ்வீதிகளை ஒட்டிய அடுக்குமாடிகளிலும் வரிசை வீடுகளிலும் துணையை இழந்து வாழும் முதியோர் உள்ளனர். தோட்டப்புறங்களிலிருந்து நகர்க்கு வந்த தலைமுறையினர் இன்று மூத்தோராகியுள்ளனர். மக்கள் பூச்சோங், ஷா ஆலம் எனப் பிரிந்து வாழ, தாய் ஒவ்வொரு வீட்டிலும் சில திங்கள் தங்கிப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நம்மிடையே இயல்பாகிவிட்டது. அவள் மறுமணம் செய்துகொள்ள விரும்பினால் அக்குடும்பங்கள் ஒரு தாயை இழப்பதாக மட்டும் எண்ணுவதில்லை. ஒரு குழந்தைக் காப்பாளரையும் இழக்கின்றன. இது பேசப்படுவதில்லை.

சட்டம் இவ்வினாவில் எங்கு நிற்கிறது என்பதைத் தெளிவாக்குதல் வேண்டும். முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கிய அச்சட்டம் மணத்துக்குக் குறைந்த வயதை வரையறுத்ததே அன்றி மேல்வயதை வரையறுக்கவில்லை. எழுபது வயதினர் மணந்துகொள்ளச் சட்டத்தடை ஏதுமில்லை.

ஆனால் பலரும் அறியாத ஒரு விதி 1959ஆம் ஆண்டு உயில்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் உள்ளது. அதன்படி ஒருவர் மணந்துகொள்ளும்போது அவர் அதற்குமுன் எழுதிய உயில், அம்மணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாக இருந்தாலன்றி, செல்லாததாகிவிடும். கிள்ளானில் ஒரு வரிசை வீட்டைத் தம் மக்கட்கென உயில் எழுதிவைத்த தந்தை, 68ஆம் வயதில் மறுமணம் செய்துகொண்டு புதிய உயில் எழுதாமல் இறந்தார் எனக் கொள்வோம். பழைய உயிலுக்கு மதிப்பில்லை. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, இறந்தவர்க்குப் பெற்றோர் உயிரோடு இல்லாவிடின், துணைக்கு மூன்றில் ஒரு பங்கும் மக்களுக்கு மூன்றில் இரு பங்கும் சேரும். மறைந்த தாயின் உழைப்பாலும் உருவான வீட்டில் மூன்றில் ஒரு பங்கு தாம் சில ஆண்டே அறிந்த ஒருவர்க்குச் செல்கிறது என மக்கள் எண்ணுவர். அவர்தம் அச்சத்தை வெறும் பேராசை என ஒதுக்குதல் நேர்மையாகாது. மறுபுறம், முதுமையில் வந்து நோயில் பணிசெய்த துணைவியை வீதியில் விடுதலும் அறமாகாது. சட்டம் இருவர்க்கும் பங்கு தருகிறது. ஆனால் இருவரையும் ஓர் அறையில் அமர்த்திப் பேச வைப்பதில்லை.

இந்தியாவில் 1856ஆம் ஆண்டுக் கைம்பெண் மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்த அதே வேளையில், மறுமணம் செய்யும் பெண் முன்னைக் கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் விதித்தது. காதலும் சொத்தும் ஒன்றையொன்று தொட்டே நின்றன என்பதற்கு அது பழைய சான்று. நம் நாட்டு உயில் விதி ஆண், பெண் இருவர்க்கும் பொதுவானது. எனினும் மறுமணம் செய்யும் தாயிடம், அப்பாவின் வீட்டை விட்டுக்கொடு என்று கேட்கும் வழக்கம் மறையவில்லை. தந்தையிடம் அவ்வாறு கேட்போர் குறைவு. தபுதாரமும் தாபதமும் இங்கும் தொடர்கின்றன.

இத்தகைய பேச்சே, அதாவது தந்தையோ தாயோ மக்களை அமரவைத்து, இவரை நான் மணக்க விரும்புகிறேன், வீடு இன்னவாறு, உயில் இன்னவாறு, நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள் என்று கூறும் பேச்சே, முதியோர் காதலின் உச்சக்காட்சி. மணத்தை எதிர்நோக்கி உயில் எழுதுதல் சட்டத்தாளில் உள்ள ஒரு நடைமுறை மட்டுமன்று; இன்றைய முதியோர்க்குரிய அறத்தொடு நிற்றல் என்றே அதனைக் கொள்ளலாம். களவைக் கற்பாக மாற்றும் செயல் அது. நாம் கண்ட நிகழ்ச்சிகளுள் எதுவும் இக்காட்சியை முழுமையாகக் காட்டவில்லை.

முடிவுரை

முதியோர் காதலை மெய்ம்மைத் தொலைக்காட்சி பெருந்திணையிலிருந்து மீட்டு ஐந்திணையின் அழகோடு காட்ட முயன்றது. முயற்சி பாராட்டுக்குரியது. ஆயின் ஐந்திணையின் களவை மட்டும் கடன்வாங்கி, முதியோர்க்குத் தவிர்க்கவியலாத கற்பை, அதாவது வீடும் மக்களும் சேர்ந்த வாழ்வை, வெளியே நிறுத்தியமையால் அம்முயற்சி பாதியில் நின்றது. தமிழ்த்திரை வீட்டையும் மக்களையும் நன்கு அறியும்; ஆனால் புதிய காதலை ஏற்கத் தயங்கி, பழைய காதலின் எச்சமாகவோ தனிமைக்கு மருந்தாகவோ அதனை மாற்றிக்கொள்கிறது. இரண்டும் இணையும் ஒரு படைப்புக்கு இடம் இன்னும் உள்ளது.

அத்தகைய நிகழ்ச்சியை நம் நாட்டுத் தமிழ்த் தொலைக்காட்சி படைக்க முன்வருமாயின் அதற்குப் போட்டியும் மாளிகையும் வேண்டா. பங்கேற்போரின் பெயரைக் காத்து, அவர்தம் உணவு மேசையைச் சுற்றி மக்களையும், வேண்டின் ஒரு வழக்குரைஞரையும் அமர்த்தினாலே போதும். அகமரபைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இங்கொரு வாய்ப்பு உண்டு. பெருந்திணையைப் பொருந்தாக் காதல் என்னும் ஒற்றை வரியில் சொல்லிக் கடந்து செல்வது நம் வகுப்பறை வழக்கம். இளமை கடந்த காதல் எவ்வாற்றால் பொருந்தாதது, யார்க்குப் பொருந்தாதது என்று மாணவரை வினவுமாறு செய்தால், இலக்கணம் அவர்தம் வீட்டுக்குள் வந்து நிற்கும். அவர்களுட் சிலரின் பாட்டியோ தந்தையோ அவ்வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருப்பவராகவும் இருக்கக்கூடும்.